மொட்டை மாடி சந்தை ஆகாது

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தொட்டால் போதும், ஒரு குரல் தவறாமல் எழுந்துவிடும். "சந்தையை ஏன் நம்புகிறீர்கள்? நாலு பை வாங்கி மாடியில் வையுங்கள். வீட்டுக்கு வேண்டிய காய் வீட்டிலேயே விளையும்." 2021 நவம்பரில் கேட்டோம். 2023 ஜூலையில், பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னை ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டிவந்தபோது இன்னும் உரக்கக் கேட்டோம். தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி, வார இதழின் வீட்டுக்குறிப்புப் பக்கம், வாட்ஸாப் குழு, தோட்டக்கலைத் துறையின் துண்டறிக்கை என்று எல்லா வாயும் சொல்வது ஒன்றுதான்: மாடித்தோட்டம் காய்கறிச் செலவைக் குறைக்கும், நஞ்சில்லாத உணவைத் தரும், சுற்றுச்சூழலைக் காக்கும், குடும்பத்தைத் தன்னிறைவு ஆக்கும். என் மாடியிலும் தொட்டிகள் உண்டு. செடி வளர்ப்பதன் மேல் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை இந்தக் கணக்கின் மேல்தான்.

தக்காளியிலிருந்தே தொடங்குவோம். நாற்று விட்டு எடுத்து நட 25 நாள். நட்டபின் முதல் பழம் பழுக்க இன்னும் 60, 70 நாள். விலை ஏறிய அன்றே விதை போட்டாலும் பழம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் கோயம்பேட்டில் விலை இறங்கி, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் படம் பத்திரிகையில் வந்திருக்கும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், விலை ஏன் ஏறுகிறது என்பது. 2021 நவம்பரில் ஏறியதற்குக் காரணம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நம் மாநிலத்திலும் விடாமல் பெய்த மழை. மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி வயல்களில் செடி அழுகியது. அதே மழை உங்கள் மாடியில் பெய்யவில்லையா? பையில் இருந்த சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய், வேரை நனைத்தே வைத்து, பூவை உதிர்த்துவிட்டுத்தானே போனது? கோடையில் விலை ஏறினால் காரணம் வெயில். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் குளிராமல் இருந்தால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். வயலுக்காவது மண் ஆழமாக இருக்கிறது. மாடியிலோ பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு முழுக்க அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. ஆக, விலை ஏறும் காலத்தில் கைகொடுக்கும் என்று சொல்லப்படும் தோட்டம் சரியாக அந்தக் காலத்தில்தான் கைவிடும். சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும் வாரத்தில்தான் உங்கள் மாடியிலும் தக்காளி சிவக்கும். வானிலை ஒன்றே என்கிறபோது வேறு எப்படி நடக்கும்?

இனி அளவைப் பார்ப்போம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி வேண்டும்: கீரை 50 கிராம், கிழங்கு வகை 50, மற்ற காய்கள் 200. பின்னால் வந்த வழிகாட்டுதல் இதைக் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் மாடியில் எதிர்பார்க்கும் அளவுக்கு யாரும் துணிவதில்லை, விட்டுவிடலாம். கீரைக்குப் பிறகு வருகிறேன். மற்ற காய்களை மட்டும் எடுத்தால் நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 800 கிராம், மாதம் 24 கிலோ.

இதற்கு எத்தனை செடி? கத்தரி ரகங்கள் ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் தரும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 27,000 செடி நிற்கும். வகுத்துப் பாருங்கள்: செடிக்கு ஒரு கிலோ. ஐந்து மாதப் பயிரில், வயலில், ஆழமாக வேரோடிய செடிக்கு, தொழில் தெரிந்த விவசாயி கையில் ஒரு கிலோ. வெண்டை இதைவிட மோசம். ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் என்றால் செடிக்கு 200 கிராம்தான் வரும். வீரிய ஒட்டு ரகங்கள் இரண்டு மடங்கு தரலாம். ஆனால் மாடித்தோட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நாட்டு விதையைத் தேடித்தான் வருகிறார்கள். வெண்டைச் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுக்கும். நாலு பேருக்குப் பொரியல் என்றால் அரைக் கிலோ, அதாவது முப்பது நாற்பது காய். ஆறு செடி வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு தரமும் பறித்த நாலைந்து காயைப் பிரிட்ஜில் சேர்த்து வைக்கிறார். ஒரு வாரம் கழித்து, முற்றிப்போன காய்களும் வாடிப்போன காய்களுமாக ஒரு பொரியல். பிரிட்ஜில் வாடிய காயைத் தின்னக்கூடாது என்பதற்காகத்தானே ஐயா தோட்டம் போட்டோம்?

ஐந்து மாதத்துக்கு 120 கிலோ, செடிக்கு ஒரு கிலோ, பைக்கு ஒரு செடி. அப்படியானால் 120 பை. எல்லாம் செத்துப்போகாமல், மாவுப்பூச்சி வராமல், அணில் தின்னாமல் இருந்தால். நான் பார்த்த வரையில் மாடித்தோட்டம் என்றால் இருபது முப்பது பை. அதை வைத்துக்கொண்டு 'எங்கள் வீட்டில் காய் வாங்குவதே இல்லை' என்று பேட்டி கொடுப்பவரின் சமையலறையில் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். முகநூலில் வரும் அறுவடைப் படங்களை நான் பொய் என்று சொல்லவில்லை. முறம் நிறையக் கத்தரியும் தக்காளியும் பீர்க்கையும் இருக்கும் படம் அன்றைக்கு உண்மைதான். ஆனால் முறம் காலியாக இருக்கும் நாளில் யாரும் படம் எடுப்பதில்லை.

பணக் கணக்கு வேண்டுமா? அரசின் புள்ளிவிவரத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2021 இறுதியில் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் ஒரு மாடித்தோட்டத் தளையின் மதிப்பு 900 ரூபாய். அதில் ஆறு பை, இரண்டு கிலோ தென்னை நார்க்கட்டி ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய், ஒரு கையேடு. மானியம் 675 போக மக்கள் கொடுத்தது 225 ரூபாய். பைக்கு 150 ரூபாய் ஆகிறது. ஆறு பையில் ஆறு கத்தரி நன்றாகவே காய்த்தாலும் ஐந்து மாதத்தில் ஆறு கிலோ; கிலோ நாற்பது என்று வைத்தால் 240 ரூபாய். மானியத்தில் வாங்கியவருக்கு வரவும் செலவும் சரியாகப் போகிறது. 675 ரூபாய் கொடுத்த கஜானாவுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? பை மூன்று நாலு ஆண்டு தாங்கும், நார்க்கழிவை மறுபடி பயன்படுத்தலாம் என்பார்கள். சரி. ஆனால் நார்க்கழிவில் தன்னளவில் சத்து கிடையாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் மண்புழு உரமும் வேப்பம்பிண்ணாக்கும் போட்டாக வேண்டும். இதற்கு மேல் நிழல்வலை, அதைக் கட்டக் குழாய், பைகளை நிறுத்த இரும்புத் தாங்கி, சொட்டுநீர்க் குழாய். இப்போது மீன் அமிலம், பஞ்சகவ்யா, கடற்பாசிச் சாறு என்று புட்டி புட்டியாக வேறு. செலவைக் குறைக்க வந்த தோட்டத்துக்கென்று ஒரு கடைத்தெருவே உண்டாகிவிட்டது.

தண்ணீரைப் பற்றிப் பேசுவோரைக் காணோம். வெயில் காலத்தில் 12 அங்குலப் பைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டராவது ஊற்ற வேண்டும். ஒரு வேளை தவறினால் இலை தொங்கிவிடும். 120 பைக்கு 240 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு வைத்திருக்கும் அளவு. அதன்படி பார்த்தால், தோட்டம் போட்ட வீட்டில் கிட்டத்தட்ட இரண்டு பேர் கூடுதலாகக் குடிவந்திருக்கிறார்கள். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வற்றிக் கிடந்தபோது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் யாரும் கத்தரிக்காய்த் தன்னிறைவு பேசவில்லை. பாத்திரம் கழுவிய நீரை ஊற்றலாமே என்பார்கள். பழைய வீட்டுக் கொல்லையில் அப்படித்தான் வாழையும் சேம்பும் வளர்ந்தன. அங்கே நீர் தானாக ஓடிப் போயிற்று. மூன்றாவது மாடிக்குக் கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்துகொண்டு போகப்போவது யார்? ஆர்.ஓ. கழிவு நீர் இருக்கிறதே என்பார்கள். வடிகட்டியில் போன உப்பெல்லாம் தங்கியிருப்பது அந்த நீரில்தான். நிலத்தில் ஊற்றினால் கீழே இறங்கிப் போகும். பையில் அது நாளுக்கு நாள் சேரும், இலையோரம் கருகும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள்.

தளம் தாங்குமா என்ற கேள்விக்கு ஒரு பத்தி போதும். மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ பாரம் என்று கணக்கிட்டுத்தான் கட்ட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சதுர அடிக்கு 14 கிலோ. நனைந்த நார்க்கழிவு நிரம்பிய 12 அங்குலப் பை 15 கிலோ இருக்கும். செம்மண் கலந்தால் 30 கிலோ. இடைவெளி விட்டு ஓரச் சுவரை ஒட்டி இருபது பை வைத்தால் எந்த வீடும் இடியாது, பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் 120 மண் பையை நெருக்கி வைத்தால் மூன்றரை டன். தட்டோடு பதித்து முப்பது வருஷம் ஆன வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கணக்கில் தோற்றதும் பேச்சு கியூபாவுக்குப் போகும். சோவியத் ஒன்றியம் விழுந்தபின் ஹவானா நகரமே தன் காய்கறியை விளைவித்துக்கொண்டதே! உண்மைதான். ஆனால் எங்கே விளைவித்தது? காலி மனைகளில், தரையில், தாழ்வான சுவர் கட்டிய நீண்ட பாத்திகளில். நிலத்தைப் பயன்படுத்த அரசு விட்டது. வேலை செய்தவர்கள் அதையே தொழிலாகச் செய்தார்கள், விளைந்ததை அங்கேயே விற்றார்கள். அதை உதாரணம் காட்டுகிறவர் நியாயமாகக் கேட்க வேண்டியது, மாநகராட்சியின் காலி இடத்தை ஏன் பயிருக்கு விடவில்லை என்பதை. அதைக் கேட்காமல் மூன்றாவது மாடியில் இருக்கும் அம்மாவிடம் போய் ஆறு பை வாங்கச் சொல்கிறார்.

நஞ்சு என்ற வாதத்துக்கு வருகிறேன். இது உண்மையான அச்சத்திலிருந்து வருவது, அதனால் கேலி செய்ய மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று 2015-இல் கேரளம் குரல் எழுப்பியது. இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனை வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிப் பயிருக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. தடையைப் போட்டவர்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்தார்களா என்பது வேறு கதை. எல்லாம் சரி. ஆனால் மாடியில் விளைந்த பத்தில் ஒரு பங்கு, கடையில் வாங்கும் ஒன்பது பங்கில் இருப்பதைக் கழுவிவிடுமா? அரிசியும் பருப்பும் திராட்சையும் எந்த மாடியில் விளைகின்றன? உங்கள் பிள்ளை பள்ளியிலும் விடுதியிலும் தின்பதை எந்தப் பையில் வளர்ப்பீர்கள்? நஞ்சுக்கு மருந்து, சந்தைக்கு வரும் காயில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை வாங்குகிறவர் கண்ணில் படும்படி அங்கேயே ஒட்டுவது. அது அரசு செய்ய வேண்டிய வேலை. 'உன் காயை நீயே விளைவித்துக்கொள்' என்று குடிமக்களிடம் தள்ளிவிட்டால் கேட்பார் குரல் அடங்கிப்போகும். கேட்கத் திராணி உள்ள நடுத்தர வர்க்கம் மாடிக்கு ஏறிவிட்டது. மாடி இல்லாதவர் சந்தையில் கிடைத்ததைத் தின்கிறார்.

மாடி இல்லாதவர்தான் நகரத்தில் அதிகம் என்பதும் மறந்துபோகிறது. வாடகை வீட்டில் மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருக்கும். அடுக்ககத்தில் மாடி எல்லோருக்கும் பொது. துணி காயப்போடவே சங்கத்தில் தீர்மானம் வேண்டும். சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் தண்ணீர்க் குடத்தோடு படியேறுகிறவரிடம் 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற வாசகத்தைப் படித்துக் காட்டிப் பாருங்கள். சொந்த மாடி உள்ள வீட்டிலும் விதை வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறவர் ஒருவர், காலையும் மாலையும் பூவாளியோடு ஏறி இறங்குகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய நேரம் எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சுற்றுச்சூழல் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது: லாரியில் வராத காய், புகை இல்லாத காய். ஆனால் பை பிளாஸ்டிக். வெயிலில் பொரிந்து செதில் செதிலாக உதிரும். நார்க்கழிவைச் செடிக்கு ஏற்றதாக்க அதிலுள்ள உப்பை நீர் விட்டு அலச வேண்டும். பொள்ளாச்சி வட்டாரத்தில் அப்படி அலசிய பழுப்பு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறு கெடுகிறது என்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். சென்னை மாடியின் பசுமைக்கு அங்கே ஒரு கிணறு விலை கொடுக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 73 நகர்ப்புறத் தோட்டங்களையும் பண்ணைகளையும் ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே விளைந்த உணவின் கரிமச் சுவடு வழக்கமான விவசாயத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு என்றது. பெரிய காரணம், பாத்தி, கொட்டகை போன்ற கட்டுமானப் பொருள்களைப் புதிதாக வாங்கிச் சில ஆண்டுகளில் தூக்கிப் போடுவது. பழைய பொருளை வைத்து நெடுநாள் நடத்தினால் இந்த வித்தியாசம் குறையும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உடைந்த வாளியிலும் பெயின்ட் டப்பாவிலும் மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியிலும் செடி வைத்த நம் பாட்டிமார் இதை ஆய்வில்லாமலே செய்தார்கள். அழகாக இல்லை என்று அதை ஒதுக்கிவிட்டுப் பச்சை நிறப் பைகளை வரிசையாக வாங்கியதற்கு 'இயற்கை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் கேட்டபின், "பணத்துக்கா செய்கிறோம், மனநிம்மதிக்கு" என்பார்கள். அப்படியானால் தகராறே இல்லை. நிம்மதிக்கு ரோஜா போதும். மானியத் தளையும் தன்னிறைவுப் பேச்சும் எதற்கு?

தொட்டியில் வளர்க்கத் தகுந்த உணவு உண்டு. கிலோவில் வாங்காமல் கைப்பிடியில் வாங்குவது, பறித்த மறுநாளே வாடுவது, கடையில் மருந்து அதிகம் பட்டு வருவது. கறிவேப்பிலை மூன்றுக்கும் பொருந்தும். பெரிய டிரம்மில் வைத்து இரண்டு வருஷம் பொறுத்தால் பிறகு வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். புதினாவும் பொன்னாங்கண்ணியும் கடைக் கட்டில் மிஞ்சிய தண்டைக் கிள்ளி நட்டாலே வரும். பச்சைமிளகாய் ஒரு நாளைக்கு நாலைந்து செலவாகிற வீட்டுக்கு நாலு செடி போதும். கீரைதான் உண்மையான லாபம். வேர் ஆழம் போகாது, ஆறு அங்குல மண் போதும், சிறுகீரையும் அரைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். வாரம் இரண்டு நாள் அரைக் கிலோ கீரை என்றால் மாதம் நாலு கிலோ. சதுர மீட்டருக்கு மாதம் ஒரு கிலோ என்று குறைத்தே வைத்தாலும் நாற்பது சதுர அடியில் முடிந்துவிடும். பயிர்க்காலம் குறைவு என்பதால் ஒரு விதைப்பு மழையில் போனாலும் அடுத்தது பிழைக்கும். சாக்கடை நீரில் வளர்ந்ததோ என்ற சந்தேகமும் இல்லை. இதே அரசுத் திட்டத்தில் எட்டு வகைச் செடி கொண்ட ஊட்டச்சத்துத் தளை ஒன்று 25 ரூபாய்க்கு வந்தது. 225 ரூபாய்த் தளைக்குக் கிடைத்த விளம்பரத்தில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மற்ற காய்க்கு வழி 1999 நவம்பர் 14-இலேயே போட்டாயிற்று. அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் கொண்டுவந்து விற்கும் இடம். தளைக்குப் போகும் மானியத்தை அங்கே ஒரு குளிர் அறைக்கும், எச்சம் சோதிக்கும் கருவிக்கும், விடியற்காலை ஊர்ப்புறத்திலிருந்து வரும் ஒரு பேருந்துக்கும் கொடுத்தால் மாடி இருப்பவரும் இல்லாதவரும் சேர்ந்து சாப்பிடலாம். கத்தரிக்கு ஆசைப்பட்டால் இரண்டு பை வையுங்கள், யார் வேண்டாம் என்றது? மாவுப்பூச்சி அப்பினால் பிடுங்கி எறிந்துவிட்டு உழவர் சந்தைக்குப் போங்கள். எட்டு மணிக்குள் போனால் நல்ல காயாகக் கிடைக்கும்.